காத்திருப்பைப் பங்கிடுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரையின் செப்பம் செய்த எழுத்து வடிவம்)



ஒரு பிராசஸரைப் பல செயலிகள் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் பாடத்திட்டத்தில் இதற்கென்று ஓர் அலகு உண்டு. முதலில் வந்தது முதலில், சிறியது முதலில், ரவுண்ட் ராபின் என்று நான்கைந்து முறைகளைப் படிக்கிறோம். தேர்வில் கான்ட் படம் போட்டுச் சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிடுகிறோம். அதோடு இந்தப் பொருளை மூடி வைத்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். அன்றாடம் கோடிக்கணக்கானவர்களின் கையில் இருக்கும் போனிலும், வங்கியின் சர்வரிலும், மருத்துவமனைக் கருவியிலும் நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கப்படும் முடிவு இது. எட்டு கோர் கொண்ட போனிலும் நூற்றுக்கணக்கான த்ரெட்கள் இருக்கின்றன. எட்டுப் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் நின்றாக வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து யார் ஓடுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் பிராசஸரின் நேரத்தைப் பங்கிடுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பங்கிடுவது காத்திருப்பை. பிராசஸரின் நேரம் எப்படியும் யாராவது ஒருவருக்குப் போய்விடும். யாரை நிற்க வைப்பது, எவ்வளவு நேரம் நிற்க வைப்பது, யாருக்காக நிற்க வைப்பது என்பவைதான் முடிவு செய்ய வேண்டியவை. அப்படிப் பார்த்தால்தான் கடந்த அறுபதாண்டு ஷெட்யூலர் வரலாறு விளங்கும். இனி அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. அட்டைக் கட்டிலிருந்து தட்டச்சுக்கு

1950களில் கணினியின் நேரம் பொன். மனிதரின் நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து, கட்டாகக் கட்டி, கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அங்கிருப்பவர்கள் பலருடைய கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ விடைத்தாள் கைக்கு வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அட்டையைத் திருத்திக்கொண்டு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பிராசஸர் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. காத்திருப்பு முழுவதும் மனிதர் தலையில் விழுந்தது.

இதை மாற்ற வேண்டும் என்று 1959 தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி ஒரு குறிப்பு எழுதினார். அதே ஆண்டு பாரிசில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, சற்று வேறு கோணத்தில், வேகமான கணினியைப் பகிர்வது பற்றிக் கட்டுரை படித்தார். செய்து காட்டியவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 1961 நவம்பரில் ஐபிஎம் 709 கணினியில், நான்கு பேர் நான்கு தட்டச்சு முனையங்களில் உட்கார்ந்து ஒரே கணினியைத் தனித்தனியே பயன்படுத்தும் ஏற்பாட்டை அவரும் சகாக்களும் இயக்கிக் காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்று பெயர் பெற்ற அமைப்பு அது. பின்னாளில் 1990-க்கான டூரிங் விருது கார்பட்டோவுக்குக் கிடைத்தது.

அவர்கள் 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள ஷெட்யூலர் முறையை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. பல படிகளில் வரிசைகள். மேல்படியில் இருப்பவருக்கு முதலில் வாய்ப்பு, ஆனால் சிறிய நேரத்துண்டு. அதற்குள் வேலை முடியாவிட்டால் ஒரு படி கீழே. அங்கே நேரத்துண்டு இரு மடங்கு, ஆனால் மேல்படி காலியானால்தான் வாய்ப்பு. அங்கும் முடியாவிட்டால் இன்னும் கீழே, இன்னும் இரு மடங்கு. ஒரு கட்டளை தட்டிவிட்டு விடைக்காக விரலை வைத்துக்கொண்டிருப்பவருக்கு உடனே பதில் கிடைக்கும். நீண்ட கணக்குப் போடும் நிரல் கீழே இறங்கி நிற்கும்; வாய்ப்பு வரும்போது பெரிய துண்டாகக் கிடைக்கும். யார் சிறியவர், யார் பெரியவர் என்று முன்கூட்டி யாரையும் கேட்கவில்லை. நடத்தையைப் பார்த்தே முடிவு செய்தார்கள். மனிதர் தலையில் இருந்த காத்திருப்பை எடுத்து, காத்திருந்தால் நோகாத நிரல்களின் தலையில் வைத்தார்கள்.

2. இருபத்தொன்பது என்னும் எண்

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று 9 நிமிடம், ஒன்று 2 நிமிடம், ஒன்று 1 நிமிடம். பெரியதிலிருந்து தொடங்கினால் முதலாவது காத்திருப்பது 0, இரண்டாவது 9, மூன்றாவது 11 நிமிடம், மொத்தம் 20. சிறியதிலிருந்து தொடங்கினால் 0, 1, 3, மொத்தம் 4. இருபது நான்காகிவிட்டது. பாடநூல் இந்த இடத்தில் நின்று, சிறியது முதலில் என்பதே சிறந்த முறை என்று எழுதிவிடும்.

இப்போது ஒவ்வொரு வேலையின் காத்திருப்பையும் அந்த வேலையின் நீளத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் வரிசை: 9 × 0, 2 × 9, 1 × 11. கூட்டினால் 29. இரண்டாம் வரிசை: 1 × 0, 2 × 1, 9 × 3. கூட்டினால் அதுவும் 29. வேறு எந்த வரிசையில் வைத்தாலும் 29-தான் வரும். துண்டு துண்டாக மாற்றி மாற்றி ஓட்டினால் இந்தத் தொகை கூடலாமே தவிரக் குறையாது.

வேலைகள் எப்போது வரும் என்று சொல்ல முடியாத வரிசைகளிலும், ஓடும் வேலையை இடையில் நிறுத்தாதவரை, சராசரி அளவில் இதே தன்மை நிற்கும் என்று 1965-இல் லியனார்டு கிளைன்ராக் நிறுவினார். பிராசஸரைச் சும்மா விடாமல் ஓட்டும் எந்த முறையானாலும், நீளத்தால் எடையிட்ட காத்திருப்பு மாறாது. ஒருவருடைய காத்திருப்பைக் குறைத்தால் இன்னொருவருடையது ஏறும். காத்திருப்பை ஒழிக்கும் ஷெட்யூலர் என்று ஒன்று கிடையாது. இதைப் பாடத்திட்டத்தில் ஷெட்யூலர் அலகின் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாததால்தான் சராசரியைக் குறைத்தவுடன் நன்மை செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சராசரிக்குள் ஒளிந்துகொள்பவர் அந்த 9 நிமிட வேலைக்காரர். சிறியவை வந்துகொண்டே இருந்தால் அவருக்கு வாய்ப்பே வராமல் போகலாம். எம்.ஐ.டி.யின் ஐபிஎம் 7094 கணினியை 1973-இல் நிறுத்தியபோது, 1967-இல் கொடுக்கப்பட்ட முன்னுரிமை குறைந்த ஒரு வேலை இன்னும் ஓடாமல் கிடந்தது என்று ஒரு செய்தி பாடநூல்களில் வருகிறது. வதந்தி என்ற குறிப்போடுதான் வருகிறது. நானும் அப்படியே சொல்கிறேன். காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமையை ஏற்றிக்கொண்டே போவது இதற்கு வழக்கமான மருந்து.

3. எவ்வளவு என்பது வேறு, எப்போது என்பது வேறு

லினக்ஸ் கெர்னலுக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு போன்களும் பெரும்பாலான சர்வர்களும் அதன்மேல்தான் ஓடுகின்றன. 2003 இறுதியில் வந்த 2.6 பதிப்பில் இங்கோ மோல்னார் எழுதிய ஷெட்யூலர் இருந்தது. எத்தனை பணிகள் இருந்தாலும் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவு நேரம்தான் எடுக்கும். ஆனால் எது மனிதரோடு ஊடாடும் பணி என்பதை அது ஊகிக்க வேண்டியிருந்தது. அதிகம் தூங்கும் பணி ஊடாடும் பணியாக இருக்கும் என்ற ஊகம் பல நேரம் பலித்தது. பலிக்காத நேரத்தில் பாட்டு திக்கியது, மவுஸ் நின்று நின்று நகர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவராக இருந்த கான் கொலிவாஸ், தானே கற்றுக்கொண்டு கெர்னலுக்குள் நுழைந்தவர். மேசைக் கணினியில் உட்கார்ந்திருப்பவரின் காத்திருப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று விடாமல் வாதாடினார். ஊகத்தை விட்டுவிட்டு நேர்மையாகப் பங்கிட்டாலே போதும் என்று 2007-இல் நிரல் எழுதிக் காட்டினார். அதே ஆண்டு மோல்னார் புதிதாக எழுதிய சி.எஃப்.எஸ். ஷெட்யூலர், கொலிவாஸின் கருத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு, 2.6.23 பதிப்பில் சேர்ந்தது. கொலிவாஸின் நிரல் சேரவில்லை; அவர் விலகிவிட்டார். அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது என்பதால் அவர் பெயரை இந்த மேடையில் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

சி.எஃப்.எஸ்.ஸின் அடிப்படை எளிது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு கணக்கு ஓடும். பிராசஸரில் ஓடிய நேரம் அந்தக் கணக்கில் ஏறும். யார் கணக்கு ஆகக் குறைவோ அவருக்கு அடுத்த வாய்ப்பு. எடை கூடிய பணிக்குக் கணக்கு மெதுவாக ஏறும். ஆகவே அதிகம் ஓடும். இந்த எடையைத்தான் நைஸ் என்ற எண்ணால் மாற்றுகிறோம். சாதாரணப் பணியின் எடை 1024. நைஸ் 19 என்று வைத்தால் எடை 15 ஆகிவிடும். இரண்டும் ஒரே கோரில் போட்டியிட்டால், 100 நொடியில் பின்னதற்குக் கிடைப்பது சுமார் ஒன்றரை நொடி.

இதில் ஒரு குறை இருந்தது. அதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பாட்டுப் போடும் செயலி நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளை ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. 480 மாதிரிகளை ஒரு தொகுப்பாகத் தயாரித்து வைக்கிறது என்று கொள்வோம். அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு தொகுப்பு. அதைத் தயாரிக்க அரை மில்லிநொடி போதும். இந்தச் செயலிக்கு வேண்டிய பங்கு வெறும் 5 சதவீதம். ஆனால் அந்த 5 சதவீதம் ஒவ்வொரு 10 மில்லிநொடிக்குள்ளும் வந்தாக வேண்டும்; பதினோராவது மில்லிநொடியில் வந்தால் காதில் டப்பென்று ஒலிக்கும். பக்கத்தில் ஒரு வீடியோவை மாற்றிக்கொண்டிருக்கும் செயலிக்கோ 95 சதவீதம் கொடுத்தாலும் இன்னும் கேட்கும்; ஆனால் ஒரு நொடி நிறுத்தி வைத்தாலும் அதற்கு வலிக்காது. முதலாவது செயலிக்குத் தேவை விரைவு, இரண்டாவதுக்குத் தேவை அளவு. நைஸ் என்ற ஒரே திருகை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்ல முடியவில்லை. விரைவு வேண்டுமென்றால் தேவைக்கு மேல் அளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கான விடை 1995-லேயே எழுதப்பட்டிருந்தது. அயான் ஸ்டோய்காவும் ஹுசைன் அப்தெல்-வஹாபும் எழுதிய அறிக்கையில், ஒவ்வொரு பணிக்கும் உரிய பங்கோடு கூட ஒரு கெடுவும் கணக்கிடப்படுகிறது. சிறிய துண்டு கேட்கும் பணிக்குக் கெடு சீக்கிரம் வரும். தனக்கு உரியதைவிட அதிகம் ஓடிவிட்ட பணி, கணக்கு நேராகும்வரை போட்டியிலேயே சேராது. மீதமுள்ளவற்றில் யார் கெடு முன்னதோ அவருக்கு வாய்ப்பு. மொத்தப் பங்கு மாறாமல், சிறிது சிறிதாக, ஆனால் விரைவில் கொடு என்று ஒரு பணி கேட்க இதில் வழி பிறந்தது. பீட்டர் ஜிஜ்ல்ஸ்ட்ரா இதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2023 அக்டோபரில் வெளியான 6.6 பதிப்பில் சேர்ந்தது. அறிக்கை வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே ஒரு நல்ல கருத்து லினக்ஸுக்குள் வந்திருக்கிறது. ஆய்வு மாணவர்கள் பழைய கட்டுரைகளைப் புரட்ட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. பங்கு யார் கணக்கில்?

எல்லாருக்கும் சமம் என்றால் ‘எல்லாரும்’ யார்? கல்லூரி ஆய்வகத்துப் பொதுச் சர்வரில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு மாணவர் தன் புராஜெக்டை முப்பது இணைப் பணிகளாகக் கம்பைல் செய்யத் தொடங்குகிறார். இன்னொரு மாணவி எடிட்டரில் ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பணிக்குப் பணி சமம் என்று ஷெட்யூலர் பங்கிட்டால், முதலாமவருக்கு முப்பது பங்கு, இரண்டாமவருக்கு ஒரு பங்கு. ஷெட்யூலர் தன் விதிப்படி அணுவளவும் பிசகவில்லை. ஆனாலும் அந்த மாணவி தட்டிய எழுத்து திரையில் தாமதமாக வருகிறது. பந்தியில் தலைக்கு ஓர் இலை என்று போடாமல், நீட்டிய கைக்கு ஓர் இலை என்று போட்டால் எப்படியோ அப்படி.

சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தீர்க்க வந்ததுதான்: பங்கைப் பணியின் பெயரில் எழுதாமல் ஆளின் பெயரில் எழுதுவது. லினக்ஸில் சிகுரூப் என்ற குழு முறை 2008 தொடக்கத்தில் வெளியான 2.6.24 பதிப்பில் வந்தது. முதலில் எழுதியவர்கள் கூகுள் பொறியாளர்கள். 2011-இல் வந்த 2.6.38 பதிப்பு, ஒவ்வொரு டெர்மினல் அமர்வையும் தானாகவே ஒரு குழுவாக்கிவிட்டது. முப்பது கம்பைல் பணிகளும் சேர்ந்து ஒரு பங்கு. நம் போனிலும் திரையில் இருக்கும் செயலி ஒரு குழு, பின்னணியில் இருப்பவை வேறொரு குழு. எந்தக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

5. செவ்வாயில் ஒரு பூட்டு

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே திரும்பத் திரும்ப ரீசெட் ஆகத் தொடங்கியது. நடந்தது இதுதான். தரவுப் பாதையை மேலாண்மை செய்யும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தரவு திரட்டும் பணிக்குக் குறைந்த முன்னுரிமை. இரண்டும் பொதுவான ஒன்றைப் பயன்படுத்த ஒரு பூட்டைப் பகிர்ந்துகொண்டன. வானிலைப் பணி பூட்டைப் பிடித்திருந்த வேளையில், இடைநிலை முன்னுரிமை உள்ள பணிகள் வந்து அதைப் பின்னுக்குத் தள்ளி ஓடின. பூட்டு திறக்கவில்லை, உயர்ந்த பணி நின்றது. அது தன் கெடுவுக்குள் முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு, பெருங்கோளாறு என்று முடிவுகட்டிக் கணினியை ரீசெட் செய்தது.

முன்னுரிமை இருந்தும் காத்திருப்பு தவறான தலையில் விழுந்ததற்கு இது தெளிவான சான்று. உயர்ந்த பணி யாருக்காக நின்றது? தனக்குத் தொடர்பே இல்லாத இடைநிலைப் பணிகளுக்காக. இதற்குத் தீர்வு முன்பே இருந்தது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்னுரிமை மரபுரிமை என்ற முறையை விளக்கியிருந்தார்கள்: பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த பணி, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையைப் பூட்டைத் திறக்கும்வரை பெற்றுக்கொள்ளும். இவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். பாத்ஃபைண்டரில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் முடுக்கப்படாமல் இருந்தது. பூமியில் வைத்திருந்த நகல் கணினியில் பொறியாளர்கள் கோளாறை மீண்டும் வரவழைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, மாற்றத்தை இங்கிருந்தே செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

6. யாருக்கும் பயனில்லாத காத்திருப்பு

ஒருவர் நின்றால் இன்னொருவர் ஓடுகிறார் என்று இதுவரை சொல்லிவந்தேன். ஒருவர் நிற்க, இன்னொருவரும் ஓடாத நிலையும் உண்டு. இன்றைய கிளவுட் சர்வர்களில் அது மலிந்துவிட்டது.

கன்டெய்னர்களுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி லினக்ஸ் 3.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. வழக்கமாக 100 மில்லிநொடி ஒரு சுற்று. ஒரு கன்டெய்னருக்கு ஒரு கோர் அளவு என்று வரம்பு வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது 100 மில்லிநொடி ஓடலாம். அதற்குள் நான்கு த்ரெட்கள் நான்கு கோர்களில் ஒன்றாக ஓடினால், 25 மில்லிநொடியிலேயே ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மீதி 75 மில்லிநொடி நான்கும் நிற்க வேண்டும். அந்த நான்கு கோர்களையும் வேறு யாரும் கேட்காமல் இருந்தாலும் நிற்க வேண்டும். பணம் கட்டிவிட்டு விடைக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த 75 மில்லிநொடி அப்படியே போய்ச் சேர்கிறது.

வரம்பு வைப்பதற்கு நியாயம் உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவுக்குப் பணம் கொடுக்கிறாரோ அவ்வளவு. நேற்று கிடைத்த வேகமே இன்றும் கிடைக்கும் என்ற உறுதி. ஆனால் ஒரே நிறுவனத்தின் சொந்தச் சர்வரில், சொந்தச் செயலிகளுக்குள்ளேயே, வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக உச்சவரம்பு வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அங்கே எடை போதும்: நெரிசல் வந்தால் விகிதப்படி பங்கு, நெரிசல் இல்லாவிட்டால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பிராசஸர் காலியாக இருக்கும்போது ஒரு பணியை நிறுத்தி வைக்கிறோம் என்றால் அதற்கு எழுத்தில் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கும் இடமும் உண்டு. ஒரே கோரை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் பகிரும் ஏற்பாடு பல பிராசஸர்களில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கேஷும் பொது. 2018-இல் வெளிப்பட்ட இன்டெல் பிராசஸர் பாதுகாப்புக் குறைகளில் ஒன்று, அந்தப் பொதுக் கேஷ் வழியே ஒருவருடைய தரவை இன்னொருவர் எட்டிப் பார்க்கலாம் என்பது. 2021-இல் வந்த லினக்ஸ் 5.14, ஒருவரையொருவர் நம்புபவர்களை மட்டும் ஒரே கோரில் சேர்த்து ஓட விடும் வசதியைக் கொண்டுவந்தது. பொருத்தமான துணை இல்லாவிட்டால் கோரின் ஒரு பாதி காலியாகவே கிடக்கும். அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்து நாம் பெறுவது பாதுகாப்பு.

7. மாணவர்களுக்கும் துறைக்கும்

இத்தனை முடிவுகளையும் நெடுங்காலம் கெர்னல் எழுதும் சிலர்தான் எடுத்தார்கள். 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12 அந்த நிலையை மாற்றியிருக்கிறது. ஷெட் எக்ஸ்ட் என்ற வசதி அதில் சேர்ந்திருக்கிறது. நாமே ஒரு ஷெட்யூலரை எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ரீபூட் செய்யாமல் ஏற்றலாம். வேண்டாம் என்றால் இறக்கலாம். விளையாட்டுகளுக்கென்றும் பெரிய சர்வர்களுக்கென்றும் தனித்தனி ஷெட்யூலர்கள் இப்போதே எழுதப்பட்டிருக்கின்றன.

துறைத்தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இயங்குதள ஆய்வகத்தில் கான்ட் படத்தோடு நிறுத்தாமல், மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஷெட்யூலரை எழுதி ஏற்றிப் பார்க்கட்டும். பக்கத்து இருக்கைக்காரர் பாட்டுக் கேட்கட்டும், இன்னொருவர் கம்பைல் செய்யட்டும். அளந்து எழுத வேண்டியவை மூன்று: சராசரிக் காத்திருப்பு எவ்வளவு, ஆக நீண்ட காத்திருப்பு எவ்வளவு, அந்த நீண்ட காத்திருப்பு யாருக்கு நேர்ந்தது. மூன்றாவதற்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். தவறாக எழுதினால் கணினி உறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. ஓடத் தயாராக நிற்கும் ஏதாவது ஒரு பணியை, அது எவ்வளவு சிறியதானாலும், நீங்கள் ஏற்றிய ஷெட்யூலர் 30 நொடிக்கு மேல் கவனிக்காமல் விட்டால், கெர்னல் உங்கள் ஷெட்யூலரை இறக்கிவிட்டுப் பழையபடி தானே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.